“ஹேக்கிங் எப்போ சார்?”

பாலிடெக்னிக்கில் நெட்வொர்க்கிங், கம்ப்யூட்டர் செக்யூரிட்டி இரண்டு பாடங்களையும் நான்தான் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்து நேரே வந்த பிள்ளைகளும், பிளஸ் டூ முடித்து இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த பேட்ச் ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: “ஹேக்கிங் எப்போ சார் ஆரம்பிப்பீங்க?” சிலர் பென்டிரைவில் ஹேக்கிங் கருவிகள் அடங்கிய காலி (Kali) லினக்ஸை ஏற்றிக்கொண்டே வந்துவிடுகிறார்கள். அந்த ஆர்வத்தை நான் அடக்குவதில்லை. ஆனால் முதலில் கையில் கொடுப்பது கிரிம்பிங் டூல்.

கேபிளின் மேலுறையை உரித்து, முறுக்கிக் கிடக்கும் நான்கு ஜோடிகளைப் பிரித்து, எட்டுக் கம்பிகளையும் வரிசைப்படுத்த வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை வைக்கும் இடத்தில்தான் எல்லோருக்கும் கை தடுமாறும். முனையைச் சமமாக வெட்டி, ஆர்ஜே-45 கனெக்டருக்குள் தள்ளி அழுத்தி, டெஸ்டரில் செருகினால் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிய வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும்; கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் நீலக் கம்பி சரியாக ஒட்டாவிட்டாலும் பல நேரங்களில் நெட் வந்துவிடும், வேகம் மட்டும் விழுந்துவிடும். ‘வேலை செய்கிறது’ என்பதும் ‘சரியாக இருக்கிறது’ என்பதும் வேறு வேறு என்று மாணவர்களுக்கு முதன்முதலில் உறைப்பது இங்கேதான்.

செக்யூரிட்டி என்று தனியாக ஒரு பாடமே இல்லை என்பது என் கட்சி. நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்று அடிவரை தெரிந்தவருக்கு, அது எந்த இடத்தில் யாரைக் கேள்வி கேட்காமல் நம்புகிறது என்பதும் தெரியும். உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைத் தேடித்தரும் ஏஆர்பி நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அது அரைப் பக்கம். என் வகுப்பில் அதற்குப் பல நாள் போகும். ஒரு கம்ப்யூட்டர் வெளியே எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் முதலில் ரவுட்டரின் மேக் முகவரி, அதாவது அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண், தெரிய வேண்டும். தெரியாதபோது அந்த லேன் முழுவதற்கும் கேட்கும்படி, “192.168.1.1 யாரிடம் இருக்கிறது? 192.168.1.20-க்குச் சொல்லுங்கள்” என்று கேட்கிறது. யாரோ ஒருவர் “என்னிடம்தான்” என்று தன் மேக் முகவரியைச் சொல்கிறார். கேட்ட கம்ப்யூட்டர் அதை அப்படியே குறித்துவைத்துக்கொள்கிறது. சொன்னவர் உண்மையான ரவுட்டர்தானா என்று விசாரிக்கும் ஏற்பாடு இந்த நெறிமுறையில் இல்லை. பல சிஸ்டங்கள் கேட்காமலே வரும் பதிலைக்கூட ஏற்றுக்கொண்டுவிடும். 1982-இல் ஏஆர்பியை வரையறுக்கும் ஆர்எஃப்சி 826 எழுதப்பட்டபோது, ஒரே லேனில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தானே என்ற நிலைமை. அப்படிப்பட்ட லேனை இன்றைக்கு ஓட்டலிலும் ரயில் நிலையத்திலும் முன்பின் தெரியாதவர்களோடு பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

லேபில் இந்தப் பலவீனத்தைச் செய்துகாட்டும்போது வெளிநெட் கேபிளை முதலில் கழற்றிவிடுவேன். ஒரு மாணவியை கமாண்ட் பிராம்ப்ட்டில் ஏஆர்பி அட்டவணையை எடுக்கச் சொல்வேன். ரவுட்டருக்கு ஒரு மேக், பக்கத்து சிஸ்டத்துக்கு வேறொரு மேக். பிறகு அந்தப் பக்கத்து சிஸ்டத்திலிருந்து பொய்ப் பதில்களை அனுப்பிவிட்டு, “இப்போ மறுபடி எடும்மா” என்பேன். இரண்டு ஐபிக்கும் நேரே ஒரே மேக் நிற்கும். “சார், நடுவுல யாரோ உட்கார்ந்திருக்காங்க” என்று அவளே சொல்லிவிடுவாள். நான் விளக்க வேண்டியதே இல்லை. மேனேஜ்டு ஸ்விட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங், டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷன் என்ற தடுப்பு வசதிகளை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது அதன் பிறகு மனப்பாடம் செய்யாமலே மனதில் நிற்கும்.

அடுத்தது, தொலைவிலுள்ள கம்ப்யூட்டரில் லாகின் செய்ய உதவும் பழைய டெல்நெட். ஒருவர் லாகின் செய்ய, மற்றவர்கள் நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்ப்பார்கள். யூசர்நேமின் ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டு முறை தெரியும். தட்டியது ஒரு தடவை, சர்வர் திருப்பி அனுப்பியது ஒரு தடவை. பாஸ்வேர்டை சர்வர் திருப்பி அனுப்பாது. ஆகவே தட்டுபவர் திரையில் அது தெரிவதே இல்லை, வயர்ஷார்க்கில் மட்டும் ஒற்றை ஒற்றை எழுத்தாக முழுசாக வந்துவிடும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிப் பாஸ்வேர்டுகள் ஒட்டுக்கேட்கப்பட்டதைப் பார்த்துத்தான் 1995-இல் தாத்து யுலோனென், போகிற தகவலைக் குறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். அதே லாகினை எஸ்எஸ்ஹெச்சில் செய்ய வைத்தால், தொடக்க வரிகளைத் தவிர எல்லாமே படிக்க முடியாத எழுத்துகள். நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவர் கையில் பாஸ்வேர்டு சிக்காது. ஏஆர்பியின் பலவீனத்தை நேற்றுப் பார்த்த பிள்ளைகளுக்கு, அது அப்படியே இருந்தும் நாம் எப்படி பேங்க் வேலையை நெட்டில் செய்கிறோம் என்பது இன்று புரிந்துவிடும்.

ஓஎஸ்ஐ மாடலின் ஏழு லேயர்களை வரிசை மாறாமல் ஒப்பிக்கிறவர்கள் வைவாவில் தப்பித்துவிடலாம். ஒரு பாக்கெட்டைத் திறந்து, எந்த பைட் எந்த லேயரைச் சேர்ந்தது என்று காட்டத் தெரிந்தவரைத்தான் நான் படித்தவர் என்பேன்.

எங்கள் பிள்ளைகளில் எல்லோரும் பெரிய கம்பெனிக்குப் போவதில்லை. பலர் சிசிடிவி மாட்டப் போகிறார்கள், வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுக்கிறார்கள். செக்யூரிட்டி அதிகம் தேவைப்படுவது அங்கேதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். 2016-இல் மிராய் என்ற மால்வேர் கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் கம்பெனி வைத்துக் கொடுத்த, யாரும் மாற்றாத 60 சொச்சம் யூசர்நேம்–பாஸ்வேர்டு ஜோடிகள். ஏணியில் ஏறி கேமரா மாட்டிய கையோடு பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு வருகிற டிப்ளமோ பையன் ஒரு தெருவையே காப்பாற்றுகிறான். மிராயை எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2017-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

“ஹாஸ்டல் வைஃபையில ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா சார்?” என்று கேட்கும் மாணவரிடம் இந்தக் கதையைச் சொல்வேன். “வேண்டாம் தம்பி. அனுமதி எழுத்தில் இருந்தால்தான் அதுக்குப் பேர் டெஸ்டிங்” என்பேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதையும் கரும்பலகையில் எழுதிப்போடுவேன்.

ஆனால் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் போதாது. செய்து பார்க்க ஓர் இடம் வேண்டும். கல்லூரி நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: செக்யூரிட்டி பாடத்துக்கென்று வெளித்தொடர்பே இல்லாத ஒரு சிறு லேபை ஒதுக்குங்கள். ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்கள், ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், ஒரு பெட்டி கேபிள் இருந்தால் போதும். வயர்ஷார்க்குக்கும் காலி லினக்ஸுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. அந்த இடத்தை நாம் கொடுக்காவிட்டால் பிள்ளைகள் ஹாஸ்டல் வைஃபையில்தான் பழகுவார்கள்.