விரியும் சன்னம்

றைபிளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி எதுவும் பேசவில்லை. இரவு கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றபோதுதான், முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்: "துவக்குச் சத்தம் கேக்கக்கூடாதெண்டுதானே இஞ்ச வந்தனாங்கள்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

நொர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் என்னோடு நீண்ட காலம் வேலைசெய்த கிழவரின் றைபிள் அது. .300 வின்செஸ்டர் மக்னம். கண் மங்கத் தொடங்கியதும் எனக்கு விற்றுவிட்டார். வேட்டைக்காரர் பரீட்சையை நான் முன்னரே எழுதியிருந்தேன். 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து சூடும் விழவேண்டும் என்ற வருடாந்தச் சோதனையும் முடிந்தது. இனி ரவைதான்.

கிழவர் கடையில் ரவை வாங்குவதில்லை. நிலவறையில் தானே செய்வார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துடைத்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புதுக் கேப் பொருத்தி, மருந்தை ஒரு கிறெயினில் பத்திலொரு பங்குவரை நிறுத்து ஊற்றி, மேலே சன்னத்தை இருத்துவார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வன்னியில் பெரியப்பாவின் இடியன் துவக்கு ஞாபகத்துக்கு வந்தது. அவரும் கையால் ரவை செய்தவர்தான். மருந்தைக் குழலுக்குள் கொட்டி, தும்பு வைத்து இடித்து, ஈயக் குண்டுகளைப் போட்டு, மறுபடியும் தும்பு வைத்து இடிப்பார். உள்ளங்கைதான் தராசு. மரையோ பன்றியோ விழுந்தால் ஊருக்கே இறைச்சி.

இங்கே எங்கள் மரை, எல்க். குதிரையிலும் உயரம். சட்டமும் அதற்கேற்ற மாதிரி: விரியும் சன்னம்தான் பாவிக்கவேண்டும், 9 கிறாமுக்குக் குறையக்கூடாது, 10 கிறாம்வரை என்றால் 100 மீற்றரில் 2700 யூல், அதற்கு மேலென்றால் 2200 யூல் சக்தி இருக்கவேண்டும். மக்னத்துக்கு இதெல்லாம் பெரிய விசயமில்லை. அதன் சிக்கல் வேகம். 11.7 கிறாம் சன்னம் செக்கனுக்கு 900 மீற்றர் அளவில் வெளியேறுகிறது. ஆற்றுக்கு அப்பால் 250 மீற்றரில் நிற்கும் மிருகத்துக்கு அது நல்லது. பேர்ச் மரங்களுக்கிடையில் 40 மீற்றரில் திடீரென்று வந்து நிற்பதற்கு, மெல்லிய செப்புத் தோல் போர்த்த மெது ஈயச் சன்னம் அந்த வேகத்தில் எலும்பில் பட்டால் நொறுங்கிப்போகும்.

ஒருமுறை அப்படித்தான் நடந்தது. குழுவில் ஒருவர் கிட்டத்தில் நின்று தோளில் சுட்டார். எல்க் ஓடிவிட்டது. இரவு முழுக்க நாயோடு தேடினோம். விடியத்தான் கண்டோம், உயிரோடு. தோளில் உள்ளங்கையளவு காயம். சுவாசப்பைவரை எதுவும் போயிருக்கவில்லை. அது எங்களைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை.

ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கருக்கும் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதே கதிதான். சேறு காய்ந்த தோலுள்ள ஒரு எல்க்கை மக்னத்தால் சுட்டும் சன்னங்கள் உள்ளே போகவில்லை. அதன்பிறகுதான் நடுவில் செப்புச் சுவர் வைத்த சன்னத்தைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி குலையாமல் உள்ளே போகும். பார்ட்டிசன் என்று இன்றும் விற்கிறார்கள். கிழவரின் தெரிவு அதுதான். அவருக்கு அதைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான்.

நானோ முழுச் செப்புச் சன்னத்தின் பக்கம் சாய்ந்தேன். நொறுங்காது; நுனித் துளையிலிருந்து இதழ் இதழாக விரியும்; பேரப்பிள்ளைகள் சாப்பிடும் இறைச்சியில் ஈயத்தூள் இருக்காது. வேகம் குறைந்தால் சரியாக விரியாது என்பது அதன் குறை. மக்னத்திடம் வேகம்தான் தாராளமாக இருக்கிறதே. ஈயத்தைவிடச் செப்புப் பாரம் குறைந்ததால் அதே நிறைக்குச் சன்னம் நீளும், கோதுக்குள் மருந்தின் இடத்தைத் தின்னும். ஆகவே 10.7 கிறாமுக்கு இறங்கினேன். சன்னத்தை மாற்றினால் மருந்தின் கணக்கும் மாறும். அதற்குரிய அட்டவணையின் கீழ் அளவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சூட்டுக்கும் கேப் தட்டையாகிறதா, பூட்டுத் திறக்க இறுகுகிறதா என்று பார்த்துத்தான் ஏறவேண்டும்.

இவற்றைப் படித்த நாட்களில்தான் டம்டம் பற்றியும் படித்தேன். கல்கத்தாவுக்குப் பக்கத்து ஊர். 1890களில் பிரித்தானியரின் ஆயுதச்சாலை அங்கே விரியும் சன்னங்களைச் செய்தது. மனித உடலில் விரியும் சன்னத்தைப் போரில் பாவிக்கக்கூடாது என்று 1899இல் ஹேக் நகரில் பிரகடனம் செய்தார்கள். மனிதனுக்கு விரியக்கூடாது, எல்க்குக்கு விரியாமல் இருக்கக்கூடாது. இரண்டுக்கும் சொல்லும் காரணம் ஒன்று: வேதனையைக் குறைப்பது.

1985இல் என் தம்பியின் கெண்டைக்காலால் ஒரு சன்னம் போனது. போன இடமும் வந்த இடமும் சின்னத் துளைகள். நொண்டாமல் நடக்கிறான், இப்போது ரொறன்ரோவில்.

முதல் ஐந்து ரவைகளை நான் செய்த இரவு மனைவி நிலவறைக்கு இறங்கி வந்தாள். பெட்டியிலிருந்து ஒரு சன்னத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"உதின்ர நுனியில ஏன் ஓட்டை?"

"உள்ள போய் விரியிறதுக்கு."

கொஞ்சநேரம் பார்த்தாள். "தம்பிக்குப் பட்டது இப்பிடியே?"

"இல்லை. அது விரியாதது."

சன்னத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள், வைத்திருந்த அதே இடத்தில். பிறகு பக்கத்துக் கதிரையில் இருந்து, நான் அடுத்த கோதுக்கு மருந்து நிறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.