அக்காவின் அரசு லேப்டாப்புக்கு ஓ.எஸ். போட்ட கதை

நாமக்கல் பக்கம் எந்த வீட்டுப் பரணில் ஏறினாலும் ஒரு பித்தளை அண்டாவும் ஒரு அரசு லேப்டாப்பும் கிடைக்கும். அண்டா சீரில் வந்தது. லேப்டாப், 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டத்தில் வந்தது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த பல லட்சம் பிள்ளைகளுக்கு அதுதான் வீட்டுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர்.

அந்த முதல் லேப்டாப்புகளில் ஒரு விசேஷம் உண்டு. விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என்று இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. டெபியன் குடும்பம், இலவசம். ஆனால் அதைத் திறந்து பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "இது எதுக்குங்க, சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு..." என்று கடையில் முதல் வேலையாக அதைத்தான் அழிப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மோகனூரில் ஒரு வீடு. அக்கா 2012-ல் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய லேப்டாப். 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அவர் கல்யாணமாகிப் போன பிறகு அது பரணுக்குப் போய்விட்டது. தம்பி பி.காம். சேர்ந்ததும் கீழே இறக்கினான். ஆன் செய்து, டீ குடித்துவிட்டு வந்தாலும் விண்டோஸ் 7 இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. வந்த பிறகும் பிரயோஜனம் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் விண்டோஸ் 7-க்குக் கும்பிடு போட்டுவிட்டது. கூகுள் குரோமும் 2023 பிப்ரவரியில் கைகழுவியது. விண்டோஸ் 11 போடலாமா என்றால், அது 4 ஜிபி ரேமும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கும். அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி. "உள்ள இருக்கறது ஏதாச்சும் வேணுமா தம்பி? இல்லீன்னா அப்படியே ஃபார்மட் அடிச்சுடலாமா?"

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் சொல்லும் பதில், "டி டிரைவ்ல இருக்கறது மட்டும் போதுங்க." சி டிரைவ் விண்டோஸுக்கு, டி டிரைவ் நமக்கு என்று ஒரு நம்பிக்கை. ஆனால் டெஸ்க்டாப், மை டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே குடியிருப்பது சி டிரைவில்தான். கண்ணெதிரில் திரையில் இருக்கும் ஃபைல்தான் ஃபார்மட்டில் முதலில் போகும்!

தம்பி பதில் சொல்லவில்லை. அக்காவுக்குப் போன் போட்டான். "ஏன்டா, அதுல பெரியப்பா கோழிப்பண்ணைக் கணக்கு மூணு வருசத்துது இருக்குதுடா. அப்புச்சி ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துல நின்ன வீடியோவும் அதுலதான் இருக்குது. எதையும் தொட்டுறாத!" அப்புச்சி இப்போது இல்லை. வீடியோ எடுத்த போனும் இல்லை.

லேப்டாப்பைக் கையோடு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, அதில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு. பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினால் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் முழு சிஸ்டமும் ஓடும். லைவ் என்பார்கள். விண்டோஸ் டிரைவ்களையும் அதிலிருந்தே திறந்து காப்பி எடுக்கலாம். கடையில் ஓ.எஸ். போடக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் இந்த ஒன்றை மட்டுமாவது தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

வீடியோ டெஸ்க்டாப்பிலேயே இருந்தது. டேலி கணக்குதான் தேட வைத்தது. காமர்ஸ் நண்பர்கள் கவனிக்க: டேலி ஒவ்வொரு கம்பெனியையும் டேட்டா ஃபோல்டருக்குள் 10000, 10001 என்று வெறும் எண்ணில் வைத்திருக்கும். தெரியாதவர் பார்த்தால் ஏதோ குப்பை என்று விட்டுவிடுவார். இந்த லேப்டாப்பில் அந்த ஃபோல்டர் சி டிரைவில்தான் இருந்தது.

இன்னொரு வில்லங்கம், ஃபாண்ட். அக்கா கோயில் நோட்டீஸ்களை எல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்திருந்தார். அது யூனிகோட் அல்ல. ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவிட்டால், திறக்கும்போது தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி எடுத்தான். அதை அப்புறம் மெதுவாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

காப்பி எடுக்க ஒரு ராத்திரி முழுக்க ஆனது. நடுவில் சில ஃபைல்களில் டிஸ்க் டிக் டிக்கென்று தடுமாறியது. தட்டு சுழல, அதன் மேல் ஊசி போல ஒரு முனை ஓடி ஓடிப் படிக்கும் பழைய வகை டிஸ்க் அது. ஸ்மார்ட் என்று ஒரு பதிவை டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும். அதைப் பார்த்தால், கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்கள் சில இருந்தன. ஓடும், ஆனால் நம்ப முடியாது. காப்பியை அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒன்று போட்டு வைத்த பிறகுதான் இன்ஸ்டால் பட்டனில் கை வைத்தான்.

நிறுவும்போது "முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு" என்று ஒரு வழி காட்டும். சுலபம்தான், ஆனால் டி டிரைவும் சேர்ந்து போய்விடும். அதை விட்டுவிட்டு, சி இருந்த பார்ட்டிஷனை மட்டும் தேர்ந்தெடுத்து எக்ஸ்ட்4 ஆக்கினான். ஸ்வாப்புக்குக் கொஞ்சம் இடம். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது.

ராக்கெட் வேகம் என்று சொன்னால் பொய். 2 ஜிபி ரேமில் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் ரேம் நிறைந்து, பாக்கியை டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். அப்போது பழையபடி மாட்டு வண்டிதான். ஆனால் பி.டி.எஃப். படிக்க, லிப்ரே ஆபீஸில் அசைன்மென்ட் அடிக்க, தமிழ்99-ல் தட்டச்சு செய்யத் தாராளமாகப் போதும். பாதுகாப்பு அப்டேட்டும் வருகிறது. காசு கிடைக்கும்போது ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டினால் இன்னும் சில வருடம் ஓட்டலாம். டேலி மட்டும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதற்குக் கல்லூரி லேப்தான் கதி.

வேடிக்கை என்னவென்றால், மின்ட்டின் வேரும் டெபியன்தான். அன்று இடத்தை அடைக்கிறது என்று அழித்த பாஸுக்கு இது பங்காளி முறை!

10000 என்ற அந்த ஃபோல்டர் பெரியப்பா பண்ணை ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தது. மூன்று வருட முட்டைக் கணக்கும் தீவனக் கணக்கும் அப்படியே இருந்தன. அதில் வசூலாகாத பாக்கி ஒன்றும் கண்ணில் பட்டு, பெரியப்பா அன்றைக்கே போனை எடுத்தது தனிக்கதை. அக்காவுக்கு வீடியோவை அனுப்பினான். நாற்பது நொடி. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அப்புச்சி யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார்.