ஒரு கடிகாரம் போதும்

இடுக்கி மாவட்டத்து மறையூர்த் தமிழ்க் குடியிருப்புகளில் கேட்ட ஒப்பாரிகளும், பாலக்காட்டு அட்டப்பாடியில் கேட்ட இருளர் பாடல்களும் என் பழைய கணினியில் உள்ளன. பாடியவர்களுள் சிலர் இன்று இல்லை. கோப்புகளை நகலெடுத்தால் போதாதா என நண்பர்கள் கேட்கின்றனர். நகலெடுத்துவிட்டேன், ஆனால் தடங்களைக் கோத்துச் சீரமைத்த மென்பொருள் அக்கணினியில் மட்டுமே இயங்குகிறது. அங்கே ஒலிக்கவிட்டுப் புதிய கணினியில் பதிய வேண்டும்.

ஹெட்போன் துளை வழியே எடுத்தால் எண்கள் மின்னலையாகி மீண்டும் எண்களாகும், இரைச்சல் சேரும். ஒப்பாரியின் அடிகளுக்கிடையே இழுக்கும் மூச்சுதான் முதலில் மங்கும். என் ஆய்வில் அம்மூச்சும் பாட்டின் பகுதியே. ஆகவே இரு கணினிகளின் ஒலி அட்டைகளையும் எஸ்/பிடிஐஎஃப் வழியே நேரடியாக இணைத்தேன். 75 ஓம் கேபிள் போதும். இரண்டிலும் ஒளியிழை வாய் இருந்தால் இன்னும் நன்று. எர்த் கோளாற்றால் எழும் முரலொலி அவ்வழியே கடக்காது.

கவனிக்க வேண்டியது கடிகாரம். இரண்டு அட்டைகளும் நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றே சொல்லும். ஆனால் அவற்றின் படிகங்கள் ஒத்துத் துடிப்பதில்லை. பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே நொடிக்கு இரண்டு மாதிரிகள் பிசகும். இடையிடையே ‘டிக்’ என்று கேட்கும். அனுப்பும் அட்டையை அகக் கடிகாரத்திலும், பெறும் அட்டையைப் புறக் கடிகாரத்திலும் வையுங்கள். மாதிரி வீதம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

களப்பதிவு வைத்திருப்போர், பழைய கணினி இயங்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.