தாய்வீட்டுச் சுவையும் தூய உணவும்

 

ரமளான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்குத் துணையாக நம் இல்லங்களில் இடம்பெறும் சமோசாவைப் பற்றி என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அதன் பெயர் தமிழன்று. பாரசீகரும் அரபிகளும் 'சன்பூசக்' என்று வழங்கிய பண்டம் அது. நூற்றாண்டுகள் பல கடந்து, நாடுகள் பல நடந்து, நம் வீட்டு எண்ணெய்ச் சட்டிக்கு வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் நம் மசாலாவை ஏற்றுக்கொண்டது. நம் பெண்மக்களின் கைப்பக்குவத்தையும் ஏற்றுக்கொண்டது. இன்று அதனை அயல்நாட்டுப் பண்டம் என்று எவரும் ஒதுக்குவதில்லை.

அவ்வாறே கடல் கடந்து வந்து எங்கள் அடுக்களையில் இடம்பெற்றுவிட்ட மற்றொரு பண்டத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த விழைகின்றேன். பிலிப்பைன்ஸ் நாட்டவர் விரும்பி உண்ணும் 'லும்பியா' என்பதே அது. நகரத்து உணவகங்களில் 'ஸ்பிரிங் ரோல்' என்ற பெயரில் நீங்கள் கண்டிருக்கக்கூடிய பண்டத்திற்கு இது நெருங்கிய உறவு. அதன் செய்முறையை மட்டும் கூறி விடைபெறுவது என் நோக்கமன்று. அப்பண்டம் எங்கள் வீட்டில் எழுப்பிய வினா ஒன்று உண்டு. அவ்வினா இன்று பல குடும்பங்களுக்கும் உரியது என்பதாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் பண்டத்தின் வரலாற்றைச் சற்றே காண்போம். சீனத்தின் ஃபுஜியான் மாகாணத்து ஹொக்கியன் மக்களின் 'லுன்பியா' என்ற சொல்லே லும்பியா எனத் திரிந்தது. அவர்கள் காய்கறிகளை வேகவைத்து, மெல்லிய ரொட்டித் தாளில் சுருட்டி, பொரிக்காமல் உண்பது வழக்கம். வாணிகத்தின் பொருட்டுக் கடலோடிய அம்மக்கள் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்கெல்லாம் அதனைக் கொண்டு சென்றனர். மணிலா நகரின் பினோண்டோ பகுதி 1594-ஆம் ஆண்டில் சீனர்களுக்கென அமைந்த குடியிருப்பாகும். இந்தோனேசியாவின் செமராங் நகரில் மூங்கிற் குருத்தை வைத்து லும்பியா செய்கின்றனர். பிலிப்பைன்ஸிலோ அது பல வடிவம் பூண்டது. பொரிக்காமல் உண்பது ஒன்று. முளைகட்டிய பயறு வைத்துப் பொரிப்பது ஒன்று. வாழைப்பழத்தையும் பலாச்சுளையையும் சர்க்கரையோடு சுருட்டிப் பொரிக்கும் 'துரோன்' என்னும் இனிப்பு ஒன்று. இவற்றுள் விருந்துகளில் தவறாது இடம்பெறுவது, கொத்திய இறைச்சியை விரலளவு சுருட்டிப் பொரிக்கும் 'லும்பியாங் ஷாங்காய்'. பெயரில் ஷாங்காய் இருப்பினும் அது பிலிப்பைன்ஸ் வீட்டுப் பிள்ளைதான்.

அந்தக் கொத்திய இறைச்சி என்ன இறைச்சி என்பதில்தான் சிக்கல் பிறக்கின்றது. பிலிப்பைன்ஸ் மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர். அவர்கள் பெரும்பாலும் இதற்குப் பன்றி இறைச்சியையே பயன்படுத்துவர். 2020-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 6.4 பேர். மிந்தனாவோ, சூலு பகுதிகளில் செறிந்து வாழும் அவர்கள் மாட்டிறைச்சியையும் கோழியையும் கொண்டு லும்பியா செய்கின்றனர். தாவி-தாவி மாகாணத்தின் சிமுனுல் தீவில் ஷைகு கரீமுல் மக்தூம் அவர்களின் பெயரால் விளங்கும் பள்ளிவாசல் 1380-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டதென அவர்கள் மரபு கூறுகின்றது. 1571-இல் லெகாஸ்பியின் தலைமையில் ஸ்பானியர் மணிலாவைக் கைப்பற்றுவதற்கு முன்னர் அங்கு ஆட்சி செய்தவர் ராஜா சுலைமான் என்னும் முஸ்லிம் மன்னர். இதனாலேயே இன்று தீனை ஏற்கும் பிலிப்பைன்ஸ் மக்கள் தம்மை 'பாலிக் இஸ்லாம்' என்று அழைத்துக்கொள்கின்றனர். இஸ்லாத்திற்குத் 'திரும்பி வந்தவர்' என்பது அதன் பொருள்.

எங்கள் குடும்பத்திற்கு வந்தவளும் அத்தகையவளே. தம்மாமில் கணக்கராகப் பணிபுரியும் என் தம்பி, அங்கு மருத்துவமனைச் செவிலியாக இருந்த பத்தாங்காஸ் ஊர்ப் பெண்ணை மணந்தான். திருமணத்திற்கு மூன்றாண்டுகள் முன்னரே அவள் கலிமா மொழிந்து தீனை ஏற்றிருந்தாள். சென்ற ரமளானில் விடுமுறைக்கு இருவரும் ஊர் வந்தனர். அவர்கள் மொழியில் அக்காவை 'ஆத்தே' என்பர். அவள் என்னை அவ்வாறு அழைக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் 'ராத்தா' என்பதைத்தான் மழலையாகச் சொல்கிறாள் என்று எண்ணிச் சிரித்தனர். இரண்டும் ஒன்றுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

நோன்பின் இரண்டாம் வாரத்தில் ஒருநாள், இஃப்தாருக்கு லும்பியா செய்வதாக அவள் ஆவலோடு கூறினாள். எங்கள் கடற்கரையில் அன்று பிடிபட்ட இறாலும், எங்கள் ஊர்க் கடையில் அறுத்த கோழியுமே அதற்கு அவள் எடுத்து வைத்திருந்தவை. ஆயினும் செய்தி அதற்குள் பரவிவிட்டது. எங்கள் சாச்சி வந்தார்கள். "அது பன்றி வச்சுச் செய்ற பண்டமாமே? நம்ம வூட்டுல இல்லாதது நமக்கு எதுக்குமா?" என்று என்னிடம் கேட்டார்கள். அவர்கள் வெறுப்பினால் கேட்கவில்லை, பேணுதலினால் கேட்டார்கள். ஆனால் தமிழ் அறியாத அப்பெண்ணுக்கு முகக்குறிப்பு புரிந்துவிட்டது. பிசைந்த மாவை மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குச் சென்றாள். நான் பின்தொடர்ந்தபோது அவள் கேட்டது இது: "ஆத்தே, நான் தீனுக்கு வந்தபோது பன்றியை விட்டேன், மதுவை விட்டேன். என் உம்மாவின் சமையலையும் விட வேண்டுமா?"

வாசகர்களே, இது ஒரு பெண்ணின் வினா மட்டுமன்று. தீனை ஏற்று வரும் எண்ணற்றோர், வாய்விட்டுக் கேளாது நெஞ்சில் சுமக்கும் வினா. இதற்கு நாம் கூறும் விடை, நம் வழக்கத்திலிருந்து அன்று, மார்க்கத்திலிருந்து வர வேண்டும்.

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 173-ஆம் வசனம் தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவரின் பெயரால் அறுக்கப்பட்டது ஆகியவற்றைத் தடுக்கின்றது. ஒரு நாட்டின் பண்டத்தையோ, ஒரு சமூகத்தின் சமையல் முறையையோ அது தடுக்கவில்லை. தடுக்கப்பட்டது பொருளே தவிர, அதனைச் சுருட்டும் விதமன்று.

மற்றொரு நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு பரிமாறப்பட்டது. நீட்டிய கையை அண்ணலார் (ஸல்) அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் வினவ, அன்று என்றும், தம் சமூகத்தார் வாழும் நிலத்தில் இல்லாததால் தமக்கு அதில் விருப்பமில்லை என்றும் விளக்கினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள்; அண்ணலார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'எனக்குப் பழக்கமில்லை' என்பது வேறு, 'மார்க்கத்தில் கூடாது' என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள எல்லையை இதனினும் தெளிவாக வரைந்து காட்ட இயலுமா? நம் வீடுகளிலோ, முன்னதற்குப் பின்னதன் ஆடையைப் போர்த்திவிடுகின்றோம். புதிதாக வந்தவர்கள் அதனைக் கண்டு, தீன் என்பது நம் ஊர் வழக்கம்தான் போலும் என்று மயங்குகின்றனர்.

நிகழ்ச்சியைச் சாச்சியிடம் எடுத்துரைத்தேன். அவர்கள் சிறிது நேரம் மௌனமாக இருந்தார்கள். பின்பு, "எனக்குப் பழக்கமில்லை, நான் தின்ன மாட்டேன். புள்ளைங்க தின்னட்டும். மாவை யாரு தேய்க்கிறது?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் நுழைந்தார்கள். சமோசாவுக்குத் தாள் தேய்ப்பதில் எங்கள் தெருவில் சாச்சியை மிஞ்ச ஆளில்லை.

இனிச் செய்முறையைக் கூறுகின்றேன். மைதா மாவு இரண்டு கோப்பையைச் சிறிது உப்பும் நீரும் சேர்த்து மிருதுவாகப் பிசைந்து, அரைமணி நேரம் ஊற வையுங்கள். சிறு உருண்டைகளாக்கி, இரண்டு வட்டங்களுக்கிடையே எண்ணெய் தடவி, மாவு தூவி, ஒன்றாக வைத்து மெல்லியதாகத் தேய்த்து, தோசைக் கல்லில் நிறம் மாறாமல் வாட்டி, சூட்டோடு பிரித்தெடுக்க வேண்டும். சமோசாவுக்குச் செய்வது போன்றதே. பிரித்த தாள்களை ஈரத்துணியால் மூடி வையுங்கள். காய்ந்தால் மடிக்கும்போது வெடிக்கும்.

உள்ளீட்டுக்கு, கொத்திய கோழியிறைச்சி 350 கிராம், தோலுரித்துப் பொடியாக அரிந்த இறால் 150 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி மட்டும் 500 கிராம் சேர்த்தும் செய்யலாம். துருவிய கேரட் இரண்டு, மிகப் பொடியாக அரிந்த வெங்காயம் இரண்டு ஆகியவற்றை நன்கு பிழிந்து நீரை நீக்கிச் சேர்க்க வேண்டும். நீர் தங்கினால் தாள் நனைந்து கிழியும். நசுக்கிய பூண்டு ஆறு பல், வெங்காயத்தாள் ஒரு பிடி, முட்டை ஒன்று, சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, சிறிது உப்பு ஆகியவற்றோடு கலந்து பிசையுங்கள். சோயா சாஸ் ஏற்கெனவே உப்புக் கரிக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தாளின் ஓர் ஓரத்தில் ஒரு மேசைக்கரண்டி உள்ளீட்டை நீளவாக்கில் விரல் பருமனுக்கு வைத்து, இறுக்கமாகச் சுருட்டி, இரு பக்கங்களையும் உள்ளே மடக்கி, முடிவில் மைதாப் பசையால் ஒட்டுங்கள். சமோசாவின் உள்ளீட்டை நாம் முன்பே வதக்கிவிடுகின்றோம். இதில் இறைச்சி பச்சையாகவே உள்ளே போகின்றது. ஆதலால் பருமன் விரலளவைத் தாண்டக் கூடாது. எண்ணெயும் புகையும் அளவுக்குக் காயக் கூடாது. மிதமான சூட்டில் ஆறேழு நிமிடங்கள் புரட்டிப் புரட்டிப் பொரித்தால் உள்ளே வெந்து, வெளியே பொன்னிறமாக மொறுமொறுக்கும். முதலில் ஒன்றைப் பொரித்து, பிட்டுப் பார்த்து, வெந்ததை உறுதி செய்துகொள்வது நன்று. மேற்கண்ட அளவுக்கு 35 முதல் 40 வரை கிடைக்கும்.

தொட்டுக்கொள்ளப் புளிப்பும் இனிப்பும் கலந்த சாறு ஒன்று உண்டு. ஒரு கோப்பை நீர், கால் கோப்பை காடி, ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி தக்காளி கெச்சப் ஆகியவற்றைக் கொதிக்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி சோளமாவை நீரில் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கினால் போதும். பிலிப்பைன்ஸில் இதற்கு வாழைப்பழக் கெச்சப்பைச் சேர்ப்பர். அதனை உருவாக்கிய பெருமை 1945-இல் மணிலாப் போரில் உயிர்நீத்த மரியா ஒரோசா என்னும் உணவியல் அறிஞருக்கு உரியது. காடியை நல்ல தொடுகறி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டியிருப்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

ஓர் எச்சரிக்கை. கடைகளில் விற்கும் லும்பியாவை, கோழி என்று எழுதியிருந்தாலும், விசாரிக்காது வாங்காதீர்கள். பன்றியைப் பொரித்த எண்ணெயிலேயே அதனையும் பொரித்திருக்கலாம். ஆயத்தத் தாள்களையும் சாஸ்களையும் உறையின் மீதுள்ள விவரத்தைப் படித்துத் தெளிந்தே வாங்க வேண்டும். பேணுதல் காட்ட வேண்டிய இடம் இதுவே.

அன்று மாலை நாங்கள் சுருட்டிக்கொண்டிருந்தபோது, தம்பி மனைவி தன் தாயை வீடியோ அழைப்பில் அழைத்தாள். அத்தாய் இன்றும் கிறிஸ்தவரே. மகள் தீனை ஏற்றபோது அவர் மனம் வருந்தி, சில மாதங்கள் பேசாதிருந்தாராம். பின்னர் முதன்முறை மகள் ஊர் சென்றபோது, அவளுக்கென்று புதிய வாணலி ஒன்றையும் புதிய கத்தி ஒன்றையும் வாங்கி, வேறு எவரும் தொடாதபடி தனியே துணியில் சுற்றி வைத்திருந்தார். பன்றிக்குப் பதில் கோழியை வைத்து அவளுக்கு லும்பியா செய்து தந்தார். மார்க்கத்தால் வேறுபட்ட ஒரு தாய் தன் மகளின் மார்க்கத்திற்கு அளித்த மரியாதை அந்த வாணலி. இணைவைப்பில் இருந்த தம் தாயோடு உறவைப் பேணலாமா என்று அஸ்மா (ரலி) அவர்கள் கேட்டபோது, பேணுமாறே அண்ணலார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பதை மத்ரஸாவில் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகின்றேன். அப்பாடத்தை ஒரு வாணலியின் வடிவில் கேட்டது அன்றுதான்.

திரையில் தெரிந்த அந்த அம்மையார், எங்கள் சாச்சியின் கைவேகத்தைக் கண்டு வியந்து ஏதோ கூறினார். "இவ்வளவு மெல்லிய தாளை நானும் தேய்த்ததில்லை" என்று மருமகள் அதற்குப் பொருள் கூறினாள். சாச்சியின் முகம் மலர்ந்தது.

சகோதரிகளே! உங்கள் இல்லத்திற்கோ, மஹல்லாவிற்கோ தீனை ஏற்று ஒரு பெண் வந்தால், தொழுகையைக் கற்றுக்கொடுங்கள், ஓதக் கற்றுக்கொடுங்கள். கூடவே, "உன் தாய் என்ன சமைப்பார்?" என்றும் கேளுங்கள். அதில் ஹராமானது இருந்தால் அதை மட்டும் நீக்கி, அவளையே செய்யச் சொல்லி, ஒரே சஹனில் அமர்ந்து உண்ணுங்கள். உண்ணப் பழக்கமில்லையேல் மாவையாவது தேய்த்துக் கொடுங்கள். வந்தவள் விருந்தாளியாகவே நின்றுவிடாமல் வீட்டுக்காரியாக மாறுவது அந்த அடுக்களையிலிருந்துதான். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உணவையும் உள்ளத்தையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.