பெட்டிச்சேலை

அத்தைக்கு ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் இருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். கரையில்லாத வெள்ளை நூல் சேலை ஒன்று, மரமணி ஜெபமாலை ஒன்று, சுருக்குப் பையில் பெட்டிக்கான காசு. தகரப் பெட்டிக்குள் மரப்பெட்டிக்குப் பணம். தன் அடக்கத்துக்கு யாரும் கடன் வாங்கக்கூடாது என்பதில் அத்தைக்கு அவ்வளவு பிடிவாதம்.

அப்பாவின் அக்கா அவர். முப்பது வயதுக்குள் தாலியிழந்து திருத்துறைப்பூண்டிக்கே திரும்பி வந்தவர். பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் அந்தச் சேலையை எடுத்துக் கொடியில் காயப்போடுவார். சாயந்திரம் மடித்து, புது அந்துருண்டை வைத்து மூடுவார்.

"கல்யாணப் பட்டுக்குக்கூட நான் இம்புட்டு பாக்கிறதில்ல அண்ணி" என்று அம்மா கேலி செய்வாள்.

"பட்டு ஊருக்குப் போறதுக்குத்தானேம்மா. இது வீட்டுக்குப் போறதுக்கு."

நல்ல மரணத்துக்காக வேண்டிக்கொள்வது அந்தத் தலைமுறைக் கத்தோலிக்கப் பெண்களின் வழக்கம். சூசையப்பர் ஒருபக்கம் இயேசுவும் மறுபக்கம் மாதாவும் இருக்க இறந்தார் என்பது நம்பிக்கை. அதனால் அவர்தான் நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர். அத்தையும் மார்ச் மாதம் முழுக்க அவருக்கு விளக்கேற்றுவார். நல்ல மரணம் என்றால் என்னவென்று அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. சொந்தப் பாயில் படுத்திருக்க வேண்டும். சாமியார் வந்து அவஸ்தைபூசுதல் கொடுக்க வேண்டும். (நோயில்பூசுதல் என்று பேர் மாறி எத்தனையோ வருஷமாகியும் அவர் வாயில் அது நுழையவில்லை.) சுற்றி உட்கார்ந்து ஆட்கள் ஜெபம் சொல்ல வேண்டும். கடைசியாக, இந்தச் சேலை.

இதில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

2004-இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. முந்தின நாளே அத்தை பஸ் ஏறி வேளாங்கண்ணிக்குப் போய்விட்டார். நடுச்சாமப் பூசை அங்கே. ஞாயிற்றுக்கிழமை காலை கடலில் ஒரு முழுக்கு. மத்தியானச் சோற்றுக்கு வீடு. வருஷா வருஷம் இதே கணக்குத்தான். நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத ஊர். அம்மா அவருக்கென்று முறுக்கையும் அதிரசத்தையும் தனி டப்பாவில் எடுத்து வைத்திருந்தாள்.

அன்று காலை 6.28-க்குச் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்ததெல்லாம் பிற்பாடு பேப்பரில் படித்ததுதான். நாங்கள் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கும்பல். "கடல் உள்ள வந்துடுச்சாம்." சுனாமி என்கிற வார்த்தை அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. தண்ணீர் என்றால் ஆற்றிலிருந்து வரும், புயல் என்றால் வானத்தில் தெரியும். இந்த இரண்டு பயத்தில் வளர்ந்த டெல்டாக்காரர்களுக்கு, வெயிலடிக்கும் ஒரு காலையில் கடல் எழுந்து வரும் என்று சொன்னால் எப்படி விளங்கும்?

அப்பாவும் நானும் டிவிஎஸ் 50-இல் கிளம்பினோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திருப்பூண்டி தாண்டி மறித்துவிட்டார்கள். வண்டியை ஒரு டீக்கடையில் போட்டுவிட்டு நடந்தோம்.

கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெழுகுவர்த்தி, சிப்பி மாலை, மாதா படம், பொரிகடலை என்று இரண்டு பக்கமும் நெருக்கியடித்த கடைகள். அந்தத் தெரு இல்லை. சேறு இருந்தது. காணிக்கைக்கு விற்கிற தகட்டு உருவங்கள் அந்தச் சேற்றில் இறைந்து கிடந்தன. தகட்டுக் கை, தகட்டுக் கால், தகட்டுக் கண், சின்னச் சின்னத் தகட்டு வீடுகள். எதை மிதிக்கிறோம் என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். மிதித்தது எல்லாமே தகடு அல்ல.

மேற்கொண்டு விவரிக்க மாட்டேன். வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்த யாத்திரிகர்கள், பெங்களூர்க்காரர்கள், உள்ளூர் வியாபாரிகள், பிள்ளைகள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் என்று பின்னால் கணக்கு வந்தது. ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே அப்பா போனார். இருட்டும்வரை போனார். மறுநாளும் போனார். உடல்கள் தாங்காது என்பதால் பொக்லைன் வைத்துக் குழி வெட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மொத்தமாக அடக்கம் செய்தார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்று பார்க்க நேரமில்லை. நாகூரில் தர்கா இடத்திலேயே மதம் பார்க்காமல் புதைத்தார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு இறங்கி வேலை செய்த முஸ்லிம் பையன்களை நான் பார்த்தேன். பெற்ற பிள்ளைகூடத் தொடத் தயங்கிய நிலையில் கிடந்தவர்களை அவர்கள் தூக்கினார்கள்.

அடையாளம் தெரியாதவர்களைப் புதைக்கும் முன் போட்டோ எடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அந்தப் படங்களைப் பார்த்தோம். ஒரு படத்தில் அப்பாவின் விரல் நின்றது. வீங்கிய முகம். காதோரம் நரை. நான் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"இது அக்கா இல்ல" என்றார். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அது அத்தைதான் என்று எனக்குப் பட்டது. பட்டது என்றுதான் சொல்ல முடியும். சத்தியம் செய்ய முடியாது. அந்தப் படத்துக்குக் கீழே ஓர் எண் இருந்தது. இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பதினான்கு வருஷமும் திறக்கவில்லை.

கோயிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை, மாதாவின் புதுமை என்று அந்த நாட்களில் நிறையப் பேர் சொன்னார்கள். பாவத்துக்குத் தண்டனை என்று மைக் பிடித்தவர்களும் இருந்தார்கள். இரண்டு கட்சியின் மீதும் எனக்குக் கோபம் உண்டு, இன்றுவரை. கரையில் கிடந்தவர்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே?

அத்தை உயிரோடு இருக்கிறார் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். தலையில் அடிபட்டு நினைவு தப்பியிருக்கும். யாரோ மலையாளத்துக்காரர்கள் கூட்டிப் போயிருப்பார்கள். ஒருநாள் பேர் ஞாபகம் வரும். கேரளா வண்டி எது வந்து நின்றாலும் போய்ப் பார்ப்பார். இறப்புச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அதனால் நிவாரணமும் இல்லை. "வர்ற பணத்த ஏன்டா விடுறே" என்று பெரியப்பா சத்தம் போட்டதற்கு, "வித்துட்டுச் சாப்பிடவா?" என்று கேட்டார். அத்தைக்கு முப்பதாம் நாள் பூசை வைக்க விடவில்லை. பூசை வைத்தால் நாமே கொன்றதாகிவிடும் என்பது அவர் கணக்கு.

கல்லறைத் திருநாள் நவம்பர் 2. எங்கள் பக்கம் அது மழையில்தான் வரும். சம்பா நட்டு வயலெல்லாம் தண்ணீராக நிற்கும் சமயம். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, குடைக்குக் கீழே குந்தி மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஏற்ற ஏற்ற அணையும். 2005-இல் தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் ஏற்றிய பிறகு அம்மா இன்னொரு மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து ஓரமாக நட்டாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அப்பா குனிந்து, திரியை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மா ஏற்றவில்லை.

எங்கள் உபதேசியார் ஒருமுறை சாவு வீட்டில் பேசும்போது, மண்ணில் விழுந்து மடிகிற தானியமணியைப் பற்றிச் சொன்னார். யோவான் நற்செய்தியில் அது கோதுமை; அவர் எங்களுக்காக நெல்லாக்கினார். வெளியே வந்ததும் அப்பா பிடித்துக்கொண்டார்.

"உபதேசியாரே, செத்த விதை எங்கயாவது முளைக்குமா? ராவெல்லாம் ஊறப்போட்டு, சாக்குல கட்டி, மூட்டம் போட்டு, மறுநா கைய விட்டுப் பாத்தா சுடும். உசுரு இருக்கிறதுனாலதான் சுடுது. செத்தது அழுகும்."

உபதேசியார் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நெசந்தாண்ணே" என்றார். "நெல்லு தானா முளைக்கும். மனுசன் தானா எந்திரிக்க மாட்டான். ஒருத்தர் கூப்பிடணும்."

அப்பா அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மரணம் இயற்கை, இலை உதிரும், தளிர் வரும் என்பதுபோன்ற ஆறுதல்கள் அந்தச் சேற்றைப் பார்த்தவனுக்கு ஒட்டுவதில்லை. அங்கே எதுவும் தானாகத் தளிர்க்கிற மாதிரி இல்லை. எண் மட்டும் போட்டுப் புதைத்த ஒருவரை எண்ணால் அல்லாமல் பேரால் கூப்பிட யாராவது இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. சரீர உத்தானம் என்று அத்தை சொல்வார். இப்போது உடலின் உயிர்ப்பு. ஆவி மட்டும் எங்கோ போய்ச் சுகமாக இருக்கும் என்று எங்கள் விசுவாசப் பிரமாணம் நிறுத்திக்கொள்வதில்லை. உடலையும் சேர்த்துக் கேட்கிறது. காதோர நரையோடு.

அத்தை படித்த பழைய ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று இருக்கும். 1995-இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் விசுவாசம் நம்பிக்கையாகிவிட்டது. நம்பிக்கை இருந்த இடத்துக்கு எதிர்நோக்கு வந்தது. 2025 யூபிலி ஆண்டில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று எல்லாக் கோயில்களிலும் பேனர் கட்டினார்கள். பழசை மாற்றிக் குழப்பிவிட்டார்கள் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு வார்த்தைக்கும் உள்ள வித்தியாசம் பதினான்கு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் குடியிருந்தது. அப்பாவுக்கு நம்பிக்கை இருந்தது. அது அவரைப் பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டியது, அழவிடவில்லை. எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போல் துயரப்பட வேண்டாம் என்று தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதினார். துயரமே படாதீர்கள் என்று அவர் எழுதவில்லை.

வேளாங்கண்ணி ஆர்ச் பக்கத்தில் சுனாமி ஸ்தூபி இருக்கிறது. டிசம்பர் 26 அன்று கோயிலிலிருந்து மௌன ஊர்வலமாக வந்து, மூன்று மதத்தாரும் அங்கே ஜெபிக்கிறார்கள். நான் போவேன். வீட்டில் வேறு வேலை சொல்லிவிட்டுப் போவேன். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

2018 நவம்பர் 16 விடியும் முன் கஜா புயல் கரையேறியது. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே. அம்மா அப்போது இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். காற்று ஒரு திசையிலிருந்து அடித்து ஓய்ந்தது. முடிந்தது என்று மூச்சு விடும்போது எதிர்த்திசையிலிருந்து திரும்ப வந்தது. கொல்லையில் இருந்த ஐந்து தென்னையும் போயிற்று. கூடத்து ஓடு பாதி போயிற்று. கரண்ட் இல்லை, போன் இல்லை, எந்தப் பக்கமும் ரோடு இல்லை. கல்லறைத் திருநாளுக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுவர்த்திகள்தான் வீட்டுக்கு வெளிச்சம். அம்மாவின் தலைமாட்டில் அந்த மெழுகுவர்த்தியை நடும்போது எனக்குக் கை கூசியது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அம்மா போய்விட்டாள். சாமியார் முந்தின நாளே அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விழுந்த மரங்களைத் தாண்டி நடந்து வந்து பூசுதல் கொடுத்திருந்தார். சொந்தப் பாய், சுற்றி ஆட்கள், ஜெபம். அத்தையின் பட்டியல் அம்மாவுக்குக் கிடைத்தது. சேதி சொல்லத்தான் வழியில்லை. பட்டுக்கோட்டையில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு, அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

மின்ரம்பம் ஓடாததால் ஆசாரி கைரம்பத்தால் அறுத்துப் பெட்டி செய்தார். கல்லறைத் தோட்டத்தில் வேரோடு சாய்ந்த வேம்பு ஒன்று பத்துப் பதினைந்து சிலுவைகளைப் பெயர்த்திருந்தது. தாத்தா குழி எது என்று உபதேசியார்தான் அடி எண்ணிக் காட்டினார்.

பெட்டியில் அம்மாவைக் கிடத்தினோம். விரலில் ஜெபமாலை சுற்றியாயிற்று. மூடலாமா என்று உபதேசியார் கேட்டபோது அப்பா எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டியின் கீல் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பெட்டியை 2004-க்கு அப்புறம் யாரும் திறக்க அவர் விட்டதில்லை.

சேலையோடு வந்தார். மடிப்பில் பழுப்பேறியிருந்தது. அந்துருண்டை வாசம் கூடமெல்லாம் பரவியது. உடுத்திவிடத்தான் கொண்டுவருகிறார் என்று பெண்கள் எழுந்தார்கள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். மடிப்புக் கலையாமல் அம்மாவின் இடது பக்கம், கைக்கும் விலாவுக்கும் நடுவே, ஊருக்குப் போகிறவள் அக்குளில் பையை இடுக்கிக்கொள்வதுபோல் அதைச் செருகினார். அவள் காதுப் பக்கம் குனிந்தார்.

"அக்காவப் பாத்தீன்னா இதக் குடுத்துடு."

உபதேசியார் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்பா நிமிர்ந்து, ஆணி எத்தனை இருக்கிறது என்று கேட்டார்.