களமும் கலக்கமும்

தெரணியகலையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே சமதரை அரிது. தேயிலையும் இறப்பரும் கொண்டது போக எஞ்சிய துண்டு நிலத்தில், அடிக்கடி பெய்யும் மழையினூடே, தோட்டச் சிறுவர் உதைபந்து பழகுகின்றனர். சரிவில் உருண்டோடிய பந்தைச் செடிகளிடையே தேடியெடுப்பதும் அவர்களுக்கு ஆட்டத்தின் ஒரு பகுதியே. மாலை நேரத்து அவ்விளையாட்டில் அச்சத்திற்கு இடமில்லை. வழுக்கி விழுபவனும் சிரித்தெழுகின்றான். ஆனால் அதே சிறுவன் பாடசாலைக் குழுவிற் சேர்ந்து, போட்டிக்காக அவிசாவளைக்குப் பஸ் ஏறவேண்டிய நாளில் வேறொருவனாகிவிடுகின்றான். விடியுமுன் விழிக்கின்றான், ரொட்டி தொண்டையில் இறங்க மறுக்கின்றது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நான் போகலம்மா" என்கின்றான்.

இதனை வெறுஞ்சாக்கு என்று கொள்ளுதல் பெரியோர் செய்யும் முதற் பிழை. அவ்வயிற்றுவலி மெய்யானது. சோதனை ஒன்றை எதிர்நோக்கும் உடல் அட்றினலினைச் சுரக்கின்றது, இதயம் விரைகின்றது, குருதி குடலைவிட்டுத் தசைகளை நாடுகின்றது. ஓடுவதற்கு உடல் செய்யும் ஆயத்தமே, ஓட்டம் தொடங்கும்வரை நோயாகத் தோன்றுகின்றது. தோட்டத்துச் சிறுவனுக்கு இதனை விளக்கப் பெரிய நூல்கள் வேண்டியதில்லை. தப்பினைத் தீயிற் காட்டிய பின்னரே அடிப்பதை அவன் கண்டிருக்கின்றான். காயாத தோல் ஒலிக்காது. அளவுமீறிக் காய்ந்தது வெடிக்கும். 1908ஆம் ஆண்டில் யேர்க்ஸ், டொட்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் சுண்டெலிகளைக் கொண்டு ஆராய்ந்து, கடினமான பணிக்கு மிதமான தூண்டலே ஏற்றது என்று கண்டனர். தப்படிப்போரின் கைகள் அதனையொத்த உண்மையை அறிந்தே இருந்தன.

ஆயின், அளவுமீறிய சூடு எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் களத்திலிருந்தன்று, வீட்டிலிருந்தும் லயத்திலிருந்துமே வருகின்றது. மகனின் ஆட்டத்தைக் காணவிரும்பும் தாய் அன்று பெரட்டுக்குப் போகாதிருந்தால் ஒரு நாட்சம்பளத்தை இழக்கின்றாள். பாதியில் வந்தாலோ அரைப்பேர்தான். சிறுவன் இக்கணக்கை அறியாதவனல்லன். தவறவிடும் ஒவ்வொரு பந்துக்கும் அவன் மனம் ஒரு விலை குறிக்கின்றது. போதாததற்கு, "நம்ம தோட்டத்துப் பேரக் காப்பாத்தணும்டா" என்று வழியனுப்புகின்றனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை மறுக்கப்பட்டு, தலைமுறைகளாக மதிப்புக்கு ஏங்கிய ஒரு சமூகம் அவ்வாறு சொல்வதில் வியப்பில்லை. எனினும் அவ்வேக்கம் முழுவதையும் பதினொரு வயதுத் தோள்களில் ஏற்றுவது நியாயமன்று.

உலகப் புகழ் பெற்றோரும் இப்பாரத்தைச் சுமந்துள்ளனர். 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிறேசிலுக்கு எதிரான தண்ட உதையை இத்தாலியின் ரொபேர்ட்டோ பாஜியோ கோற்கம்பத்திற்கு மேலாக அடித்தார். அரையிறுதியில் தம் நாட்டின் இரு கோல்களையும் அடித்தவர் அவரே. அவருக்கு முன்னரே அவர் குழுவினர் இருவர் தம் உதைகளைத் தவறவிட்டிருந்தனர். ஆயினும் உலகம் இறுதியில் தவறவிட்டவரையே நினைவிற் கொண்டது. தோல்வி பலருடையதாயினும் பழி ஒருவருக்கே சேர்கின்றது என்பதைச் சிறுவரும் எப்படியோ உணர்ந்திருக்கின்றனர்.

செய்யத்தக்கவை எளியவையே. ஆட்டத்திற்குப் போதிய நேரத்துக்கு முன்னர் இலேசான உணவு. அயல் மைதானத்தை முன்கூட்டியே சென்று நடந்து பார்த்தல். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடுதல். "வெல்" என்பது சிறுவனின் கையில் இல்லாத கட்டளை; "முதற் பந்தைப் பக்கத்திலிருப்பவனுக்குக் கொடு" என்பது அவனால் இயலும் காரியம். "பயப்படாதே" என்பதைவிட, "பயம் வரும், ஓடத் தொடங்கியதும் குறையும்" என்பதே உண்மைக்கு நெருக்கமானது. 1978ஆம் ஆண்டில் ஸ்கான்லன், பாசர் என்போர் அமெரிக்கச் சிறுவர் உதைபந்தாட்டக்காரரை ஆராய்ந்தபோது, தோற்றோரிடம் ஆட்டத்தின் பின் பதற்றம் மிகுந்திருந்தது. ஆனால் ஆட்டத்தில் மகிழ்ச்சி கண்டவரிடம் அது குறைந்திருந்தது. ஆதலின் திரும்பிவரும் பிள்ளையிடம் முதலிற் கேட்கவேண்டியது முடிவையன்று. வாரக்கணக்கில் உறக்கம் கெடுமாயின், விளையாட விருப்பமா என்று கேட்டு, இல்லையெனில் விட்டுவிடவும் வேண்டும்.

இழந்த நாட்சம்பளத்தை எந்த அறிவுரையும் ஈடுசெய்யாது. அதனை மறைப்பதாலும் பயனில்லை. ஆனால் அது யாருடைய கணக்கு என்பதைத் தாய் சொல்லிவிடலாம்: "நான் ஆசப்பட்டு வர்றேன் ராசா. நீ கோல் அடிக்கணும்னு இல்ல." இதனைப் போட்டிக் காலையிற் சொன்னால் ஆறுதலாக மட்டுமே கேட்கும், ஒரு வாரம் முன்னரே சொன்னால் பிள்ளை அதனை நம்பவும் கூடும்.