ஐந்து அடித்தது

தூத்துக்குடியில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். காலை ஆறு மணிக்குள் ரயிலடியில் இருக்க வேண்டும். இருட்டில் கூடத்துக் கடிகாரம் ஐந்து அடித்தது. அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து, குளித்து, பெட்டியைக் கட்டிவிட்டேன். சத்தம் கேட்டு மாமா வந்தார்.

"மருமகனே, மணி இரண்டரைதான்."

மாமா சரக்குக் கப்பலில் இரண்டாவது எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் இருந்தது பித்தளைக் கப்பல் கடிகாரம். அதன் கணக்கே தனி. கப்பலில் நாலு மணி நேரம் ஒரு முறை. முறை தொடங்கி அரை மணி ஆனால் ஓர் அடி. ஒரு மணி ஆனால் இரண்டு. இப்படி ஏறி, முறை முடியும்போது எட்டு. பிறகு மறுபடியும் ஒன்று. அடிகள் ஜோடி ஜோடியாக விழும். ஒற்றைப்படையானால் கடைசி அடி தனியே நிற்கும். ஆகவே பன்னிரண்டு, நாலு, எட்டு எல்லாவற்றுக்கும் எட்டு அடிதான். அந்தக் காலத்தில் அரை மணி மணற்குடுவையைக் கவிழ்க்கும்போதெல்லாம் ஓர் ஆள் மணியடிப்பான். கடிகாரத்தில் அவனுடைய வேலையை ஒரு வில் செய்கிறது. முள்ளை ஓட்ட இன்னொரு வில்.

"ஆனால் இது கரைக் கடிகாரம்தான்" என்று சிரித்தார் மாமா. "பிரிட்டிஷ் கடற்படையில் மாலை முறையை இரண்டாக உடைப்பார்கள். ஆறரைக்கு மறுபடி ஒன்று, ஏழுக்கு இரண்டு, ஏழரைக்கு மூன்று, எட்டு மணிக்கு மட்டும் எட்டு. இந்த இயந்திரம் அதையெல்லாம் கண்டதா? ஆறரைக்கு ஐந்துதான் அடிக்கும்."

பேச்சில் நேரம் போயிற்று. நாலு மணிக்கு எட்டு அடித்தது. அத்தை எழுந்து வந்து காப்பி போட்டாள்.

"இவர் கப்பலில் இருந்தபோதும் இந்த எட்டு அடிக்கு எழுந்துவிடுவேன். இவருக்கு நாலிலிருந்து எட்டுவரை முறை. அவர் எஞ்சின் அறைக்கு இறங்கும்போது நான் மட்டும் தூங்குவதா?"

அத்தை உள்ளே போனதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேற்கே போகப் போகக் கப்பல் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்களே! இங்கே விடியற்காலை நாலு என்றால் லண்டன் கணக்கில் முந்தின இரவு பத்தரைதானே?

"ஆமாம்" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "அந்த நேரத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இருபது வருஷம் எழுந்தவளிடம் இனி எப்படிச் சொல்வது?"

மாமா இப்போது இல்லை. வாரம் ஒரு முறை கடிகாரத்துக்கு அத்தையே சாவி கொடுக்கிறாள். போன மாதம் அங்கே தங்கினேன். இருட்டில் எட்டு அடித்தது. அடுக்களையில் விளக்கு எரிந்தது.

நானும் எழுந்து போய் அத்தையின் அருகில் உட்கார்ந்தேன்.